சிரட்டைத் தோடும் சணல் மாலையும் விற்கப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்

நான் விற்ற முதல் பத்து மாலைகளில் ஒன்று திரும்பி வந்தது. வாங்கியவர் சண்டை போடவில்லை. "சணல் கயிறு என்று போட்டிருந்தீர்கள். நுனி பிரிந்துகொண்டே இருந்தது. லேசாகச் சுட்டால் நிற்கும் என்று தீக்குச்சியைக் காட்டினேன், உருகி விரலில் ஒட்டிக்கொண்டது. சணல் உருகுமா?" என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருந்தார். மிச்சமிருந்த கயிற்றில் ஒரு துண்டை வெட்டி நானும் கொளுத்திப் பார்த்தேன். சாம்பல் விழவில்லை. சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகக் கெட்டியாகி நின்றது. சணல் நிறம் ஏற்றிய பாலியெஸ்டர். கயிறு விற்றவர் சொன்னதை நான் நம்பினேன், நான் எழுதியதை அவர் நம்பினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதி ஒன்பது பேருக்கும் விஷயத்தைச் சொல்லி எழுதினேன். அந்த ராத்திரியை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அதற்கு அப்புறம் எனக்கு நானே போட்டுக்கொண்ட வரிசைதான் இது. மணி கோக்கவும் பை தைக்கவும் இங்கே சொல்லித் தரப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்ன பொருள் என்று காட்டக் காகிதம் இல்லாமல், எத்தனை மணி நேரம் ஆனது என்ற கணக்கும் இல்லாமல் கடையைத் திறப்பதில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். தொடக்கத்திலிருந்து முதல் விற்பனை வரை 12 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றே வாரத்தில் திறந்தேன். மிச்ச ஒன்பது வார வேலையை ஒரு வருடம் இழுத்துக்கொண்டு செய்தேன்.

1. ஒரு பொருள், மூன்று வடிவம்

சிரட்டை, பழைய ஜீன்ஸ், சைக்கிள் டியூப், காகித மணி, கார்க், சணல் என்று எல்லாமே கையைக் கூப்பிடும். ஒன்றை மட்டும் எடுங்கள். அதில் மூன்று வடிவம் செய்யுங்கள். ஒவ்வொரு புதிய பொருளும் தனிக் கருவி, தனிப் பசை, தனிச் சோதனை, தனி ரசீது என்று கூடவே ஒரு கூட்டத்தை அழைத்து வரும்.

எந்தப் பொருளானாலும் அதன் குணத்தை விசாரித்துவிட்டுத் தொடுங்கள். சைக்கிள் டியூப் ரப்பரில் கந்தகம் இருக்கும். அதோடு வெள்ளிக் கொக்கியை மாட்டி மூடிய உறையில் போட்டு வைத்தால் சில நாளில் வெள்ளி கறுத்துவிடும். சிரட்டையைத் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் உட்காராதீர்கள். உப்புத்தாளில் 120-ஆம் எண் தாளில் தொடங்கி 240, 400, 600 என்று ஏறினால் சிரட்டை தானே பளபளக்கும், வார்னிஷ் கேட்காது. மெருகுக்குச் சாதாரண தேங்காய் எண்ணெய் பூசினால் அது காயவே காயாது, சட்டையில் கறைபடும். காயக்கூடியது ஆளி விதை எண்ணெய். ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் எறியாதீர்கள். அது காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே விரித்துக் காயவிட்டோதான் போட வேண்டும்.

2. பொருள் நோட்டு

எனக்கு இந்தத் தொழிலில் ஒரே ஒரு விஷயம் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன். கோடு போட்ட சாதாரண நோட்டு போதும். வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். அதில் வாங்கிய தேதி, யாரிடம், எவ்வளவு, விற்றவர் என்ன பொருள் என்று சொன்னார், நீங்கள் சோதித்ததில் என்ன வந்தது என்று எழுதுங்கள். ரசீதை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். கயிறோ துணியோ என்றால் ஒரு விரல் நீளத் துண்டையும் ஒட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அந்த எண்ணைச் செய்து முடித்த பொருளின் அட்டையிலும் எழுதுங்கள். ஒரு தோட்டில் குறை வந்தால் அதே கொக்கி வேறு எந்தெந்தத் தோடுகளுக்குப் போயிருக்கிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு அன்று ஒன்பது பேரும் கிடைத்தது அதிர்ஷ்டம். மொத்தமே பத்து மாலைதான் விற்றிருந்தேன்.

எரித்துப் பார்க்கும் சோதனையை எல்லா நாருக்கும் செய்யுங்கள். பீங்கான் தட்டு, இடுக்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். பருத்தி, சணல், லினன் எல்லாம் காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி கருகும் நாற்றம் அடிக்கும், தூளாக நொறுங்கும். பாலியெஸ்டரும் நைலானும் உருகிக் கெட்டி மணியாகும். கலப்பு நூல் இரண்டையும் காட்டும், கொஞ்சம் சாம்பல், நடுவே கெட்டியான உருண்டை. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் மட்டும் பருத்தி மாதிரியே எரிந்து ஏமாற்றும். அதற்கு விற்றவரிடம் எழுத்தில் கேட்பதைத் தவிர வழியில்லை.

சான்றிதழ் விஷயத்தில் நிறையப் பேர் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஜி.ஓ.டி.எஸ். (இயற்கை வேளாண் நார்த் துணிக்கான உலகத் தரச் சான்று) முத்திரை உள்ள இயற்கை வேளாண் பருத்தித் துணியை வாங்கிவிட்டதால் நீங்கள் தைத்த பையில் அந்த முத்திரையைப் போட முடியாது. உங்கள் பட்டறையும் சான்று பெற்றிருந்தால்தான் போடலாம். மரத்துக்கான எஃப்.எஸ்.சி. முத்திரையும் அப்படித்தான். கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் சான்று வேண்டும், ஓரிடத்தில் சங்கிலி அறுந்தால் அங்கேயே நின்றுவிடும். ஒரு முத்திரை எதைச் சொல்கிறது என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்றால் தீங்கான வேதிப்பொருட்களுக்காகச் சோதித்த துணி, அவ்வளவுதான். அது பாலியெஸ்டராகவும் இருக்கலாம். ஜி.ஓ.டி.எஸ். முத்திரைக்குக் குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண் நார் வேண்டும், 'ஆர்கானிக்' என்ற தரத்துக்கு 95 சதவீதம்.

3. அழகாக இருந்தாலும் தொடக்கூடாதவை

இயற்கையாகக் கிடைப்பது எல்லாம் பாதுகாப்பானது என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். குன்றிமணியைப் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் அதைப்போல் எந்த மணியிலும் அமையாது. உள்ளே அப்ரின் என்ற கடுமையான நஞ்சு. மேல்தோல் முழுசாக இருக்கும்வரை உள்ளேயே கிடக்கும். கோப்பதற்காக நாம் துளை போடும்போதே அந்தக் காவல் போய்விடுகிறது. துளையிடும் தூளை நீங்கள் சுவாசிக்கிறீர்கள், மாலையைக் குழந்தை வாயில் வைக்கிறது. வேண்டாம். அந்தச் சிவப்பு வேண்டுமென்றால் கண்ணாடி மணி போடுங்கள்.

ஆமையோடு, கறுப்புப் பவளம், ராணிச் சங்கு, ராட்சதச் சிப்பி போன்றவை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியல்களில் இருக்கின்றன. ஆமையோட்டின் சர்வதேச வணிகத்துக்குத் தடை. மற்றவற்றுக்கு எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும். "பாட்டி காலத்துப் பொருள்" என்று சொல்லிச் சுங்கத்தில் தப்ப முடியாது. ரோஸ்வுட் எனப்படும் டால்பெர்ஜியா மரங்களும் பட்டியலில் உண்டு. முடிந்த பொருளாகச் சிறு எடையில் போகும்போது விலக்கு இருக்கிறது. ஆனால் அதைக் காட்டவும் மரத்தின் தாவரவியல் பெயர் உங்கள் ரசீதில் இருக்க வேண்டும். தரையில் கிடந்த இறகுதானே என்றும் எடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி, அந்நாட்டுக் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை தானாக உதிர்த்த இறகை வைத்திருப்பதே குற்றம், விற்பது இருக்கட்டும்.

அப்புறம் ரெசின். காய்ந்த பூவை உள்ளே வைத்து ஊற்றினால் இயற்கைப் பொருள் ஆகிவிடாது, அது எபாக்சி பிளாஸ்டிக். "தாவர மூலம்" என்று விற்கப்படுவதிலும் ஒரு பகுதிதான் தாவரத்திலிருந்து வரும், மீதி வழக்கமான வேதிப்பொருள். இறுகாத ரெசின் கையில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. செய்வதானால் நைட்ரில் கையுறை போட்டுச் செய்யுங்கள், விற்கும்போது ரெசின் என்றே எழுதுங்கள். 'வீகன் லெதர்' என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். அதையும் அப்படியே எழுதுங்கள்.

பிரபல நிறுவனத்தின் சின்னம் பொறித்த பழைய பொத்தானைத் தோடாக்குவது மறுபயன்பாடுதான், ஆனால் வணிகச் சின்ன வழக்குக்கும் அதுதான் நேர் வழி. சின்னம் தெரியாமல் வெட்ட முடிந்தால் மட்டும் எடுங்கள்.

4. தோலில் படும் பாகம்

தோட்டின் முகம் எவ்வளவு இயற்கையாக இருந்தாலும் காதுக்குள் போவது உலோகம்தான். என் இரண்டாவது அடி இங்கே விழுந்தது. மலிவான கொக்கி, மூன்று பேருக்குக் காது புண்ணாகிவிட்டது. காரணம் நிக்கல். 'ஜெர்மன் சில்வர்' என்று கேட்க நன்றாக இருக்கும். அதில் துளி வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலோடு தொடர்ந்து படும் பாகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது. குத்திய துளைக்குள் போகும் பாகத்துக்கு 0.2 மைக்ரோகிராம். அங்கேயே நகையின் உலோகப் பாகத்தில் காட்மியம் 0.01 சதவீதத்தையும், நகையில் ஈயம் 0.05 சதவீதத்தையும் எட்டக் கூடாது. நீங்கள் அங்கே விற்காவிட்டாலும் இந்த அளவுகளைப் பிடித்துக்கொண்டு கொக்கி விற்பவரிடம் சோதனை அறிக்கை கேளுங்கள். 'நிக்கல் இல்லை' என்று உறையில் அச்சடித்திருப்பது அறிக்கை ஆகாது. அறிக்கையில் தேதியும், ஆய்வகத்தின் பெயரும், நீங்கள் வாங்கும் அதே பொருளின் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் வைத்துக்கொள்ள நிக்கல் சோதனைத் திரவம் சிறு குப்பிகளில் கிடைக்கும். பஞ்சில் தொட்டுத் தேய்த்தால் நிக்கல் வெளியேறும் உலோகத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். ஆய்வகத்துக்கு அது ஈடில்லை, ஆனால் மோசமான சரக்கை வாசலிலேயே பிடித்துவிடும். டைட்டேனியமும் நையோபியமும் விலை கூடுதல், தொல்லை குறைவு. நான் தோட்டுக்கு இப்போது டைட்டேனியம் தவிர வேறு வாங்குவதில்லை.

குழந்தைகளுக்கான பொருளைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான பொருளில் ஈயத்தின் வரம்பு பத்து இலட்சத்தில் 100 பங்கு. அதற்குத் தனிச் சோதனை, தனிச் சான்று. அட்டையில் 'பெரியவர்களுக்கு' என்று எழுதிவிட்டு, படத்தில் ஒரு சிறுமியின் கையில் வளையலைப் போட்டுக் காட்டினால் அது செல்லாது.

5. இரண்டு வாரம் நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒவ்வொரு புது வடிவத்தையும் 14 நாள் நீங்களோ வீட்டில் ஒருவரோ போட வேண்டும். வியர்வையோடு, மழையோடு, தூக்கத்தோடு. ஒரு காதுத் தோடு 10 கிராமைத் தாண்டினால் மாலைக்குள் காது சொல்லிவிடும். சாயம் போட்ட பொருளை நனைத்த வெள்ளைத் துணியால் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். இன்னொரு துண்டின் பாதியை அட்டையால் மூடி ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். மஞ்சள் கிழங்குச் சாயம் வெயிலில் நிற்காது, படிகாரம் எவ்வளவு போட்டாலும் வெளுக்கும். மஞ்சிட்டியும் அவுரியும் நிற்கும்.

விதை மணி என்றால் இன்னொரு வேலை உண்டு. நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத உறையில் போட்டு, உறைகுளிர் பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைத் திறக்காதீர்கள், ஈரம் கோத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் நான் அனுப்பிய ஒரு கைவளையைப் பிரித்தவர், உள்ளே நாலு ஓட்டை விதையும் ஒரு பிடி மாவும், உயிரோடு ஒரு வண்டும் இருந்ததாகப் படத்தோடு எழுதினார்.

6. விலை: கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள்

பொருளின் விலையை இரண்டால் பெருக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் ஐந்து துண்டுகளைச் செய்யும்போது நேரத்தைக் குறியுங்கள். செய்யும் நேரம் மட்டும் போதாது. பொருள் வாங்கப் போனது, படம் எடுத்தது, விவரம் எழுதியது, "இது வேறு நிறத்தில் கிடைக்குமா" என்ற கேள்விக்குப் பதில் போட்டது, கட்டி அனுப்பியது எல்லாம் சேரும். என் கணக்கில் ஒரு ஜோடித் தோடு செய்ய 50 நிமிடம், அதைச் சுற்றியுள்ள வேலைக்கு 40 நிமிடம். அந்த 40-ஐ ஒரு வருடம் நான் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பணத்துக்குப் பதில் 'அலகு' என்று வைத்துக் கணக்குப் போடலாம். பொருளுக்கு 12 அலகு. நேரம் ஒன்றரை மணி, மணிக்கு 20 அலகு கூலி, அது 30. மின்சாரம், கருவித் தேய்மானம், உடைந்தது, இணையச் சந்தைக் கட்டணம், காப்பீடு என்று மாதச் செலவை மாதத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 8 வருகிறது என்று வையுங்கள். அடக்கம் 50. அதன்மேல் லாபம் 10 வைத்தால் மொத்த வியாபார விலை 60. சில்லறை விலை அதைப்போல் இரண்டு மடங்கு, 120.

எதற்கு இரண்டு மடங்கு? நேராக விற்கும்போது 60 போதுமே என்றுதான் நானும் 60-க்கு விற்றேன். அப்புறம் ஒரு கடை, விற்றால் 40 சதவீதம் தங்களுக்கு என்றது. 60-இல் 40 சதவீதம் போனால் கைக்கு 36. அடக்கமே 50. ஒவ்வொரு துண்டுக்கும் 14 அலகு நான் கையிலிருந்து போட்டேன். 120 என்றால் அதே கடை எடுத்ததுபோக 72 வரும். கடைக்கு ஒரு விலை, நேரில் வேறு விலை என்றும் வைக்க முடியாது. கடைக்காரர் ஒருநாள் உங்கள் பக்கத்தைப் பார்ப்பார், அன்றே சரக்கு திரும்பி வரும்.

120 என்று போட்டால் விற்குமா? விற்காவிட்டால் விலையில் கை வைக்காமல் வடிவத்தை மாற்றுங்கள். ஒன்றரை மணி ஆவதை ஒரு மணியில் முடிக்க வழி தேடுங்கள். ஒரே நாளில் 20 வட்டம் அறுத்து, மறுநாள் இருபதையும் தேய்த்து, மூன்றாம் நாள் கொக்கி மாட்டினால் நேரம் நன்றாகவே குறையும்.

தொடக்கச் செலவில் பொருளுக்கு ஒதுக்கும் அளவு தொகையைச் சோதனை, கட்டணம், காப்பீடு, உறை, அட்டை இவற்றுக்கும் ஒதுக்குங்கள். இரண்டு துளைக் கருவி வாங்கிவிட்டுப் பதிவுக் கட்டணத்துக்குக் கடன் கேட்ட ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் பார்க்கிறேன்.

7. பெயரும் காகிதங்களும்

இதை மூன்றாவது வாரமே தொடங்கிவிடுங்கள். அலுவலகங்கள் நம் வேகத்தில் நகராது. வரிசை முக்கியம்: முதலில் பெயர் தேடல், அப்புறம் தொழில் பதிவு, அதை வைத்து வரி எண், இரண்டையும் வைத்துத் தனி வங்கிக் கணக்கு, கடைசியாக அச்சு வேலை. நான் 500 அட்டை அச்சடித்த பிறகு பெயரைத் தேடினேன். அதே பெயரில் வேறொருவர் பைகள் விற்றுக்கொண்டிருந்தார்.

பெயரை உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உலக வணிகச் சின்னத் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் நாட்டுப் பதிவேட்டிலும் தனியாகத் தேடுங்கள். வணிகச் சின்னப் பதிவுக்குப் பொருட்களை வகுப்புகளாகப் பிரிக்கும் நைஸ் வகைப்பாட்டில் நகை 14-ஆம் வகுப்பு, கைப்பை 18, உடை, இடைவார், கழுத்துத்துணி 25, முடி அலங்காரம் 26. பல நாடுகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கட்டணம். தோடு மட்டும் விற்பவர் நாலு வகுப்புக்கும் கட்ட வேண்டியதில்லை.

வீட்டில் வைத்துச் செய்கிறீர்களா? வாடகை ஒப்பந்தத்தில் தொழில் செய்யத் தடை இருக்கிறதா என்று படியுங்கள். உங்கள் பொருளால் யாருக்காவது தீங்கு வந்தால் ஈடுகட்டும் தயாரிப்புப் பொறுப்புக் காப்பீட்டுக்கு இப்போதே விசாரித்து வையுங்கள். கண்காட்சிகள் பல அதன் நகலைக் கேட்கும், அதுவும் கடைசி நாளில்தான் சொல்வார்கள். விலைப்பட்டியல்களுக்கு 1 முதல் தொடர் எண் கொடுங்கள், நடுவில் விடாதீர்கள்.

8. என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது

'இயற்கைக்கு உகந்தது', 'பசுமைப் பொருள்' என்று எழுதும்போது கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 என்ற நெறிமுறை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஆதாரம் காட்ட முடியாத இந்த மாதிரிப் பொதுச் சொற்களுக்கு அதில் தடை. அமெரிக்க வணிக ஆணையத்தின் பசுமை வழிகாட்டி நெறிகளும் விளக்கமில்லாத பொதுப் புகழ்ச்சியைத் தவிர்க்கச் சொல்கின்றன. பொருள் வழக்கமாகப் போய்ச் சேரும் குப்பையில் ஓராண்டுக்குள் முழுதாக மக்காது என்றால் 'மக்கும்' என்று வெறுமனே எழுதக்கூடாது என்கின்றன. சோள மாவு பிளாஸ்டிக் என்று வரும் பி.எல்.ஏ. உறை தொழிற்சாலை உரக்கிடங்கின் சூட்டில்தான் மக்கும், வீட்டுத் தொட்டியில் பிளாஸ்டிக் மாதிரியே கிடக்கும்.

பின் என்ன எழுதுவது? நோட்டைத் திறந்து உள்ளதை எழுதுங்கள். "தூக்கி எறியப்பட்ட சிரட்டையில் கையால் அறுத்தது. மெருகுக்கு ஆளி விதை எண்ணெய். கொக்கி டைட்டேனியம். நூல் பருத்தி, பூட்டு எஃகு. எடை ஒரு காதுக்கு 6 கிராம். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம்." புகழ்ச்சி ஒன்றுகூட இல்லாத இந்த மாதிரி விவரத்துக்கு அப்புறம்தான் எனக்குக் கேள்விகள் குறைந்து ஆர்டர்கள் கூடின. பிளாஸ்டிக் இருந்தால் பிளாஸ்டிக் என்றே போடுங்கள். ஆட்கள் அதை மன்னிப்பார்கள், மறைத்ததைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

படத்துக்கு ஜன்னல் வெளிச்சம், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. ஒரு படம் உடம்பில் போட்டபடி, ஒன்று அளவுகோலோடு, ஒன்று பின்பக்கம். பின்பக்கப் படத்தை யாரும் போடுவதில்லை, வாங்குபவர் அதைத்தான் தேடுகிறார்.

9. எங்கே விற்பது

இணையச் சந்தை, கண்காட்சி, கடையில் வைத்துவிட்டு விற்றபின் பணம் வாங்குவது. முதல் ஆறு மாதம் இவற்றில் இரண்டு போதும். எட்சி என்ற இணையச் சந்தையில் ஒரு பொருளின் பதிவு நான்கு மாதம் நிற்கும், புதுப்பிக்க மறுபடி கட்டணம். ஒவ்வொன்றும் ஒரே துண்டு என்று செய்பவருக்கு இந்தக் கட்டணமும் படம் எடுக்கும் நேரமும் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் முதலிலேயே மூன்று வடிவம் என்றேன்.

கடையில் வைக்கும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை: என்னென்ன பொருள், எத்தனை, கடையின் பங்கு எத்தனை சதவீதம், மாதத்தின் எந்தத் தேதியில் பணம், தொலைந்தால் அல்லது திருடுபோனால் யார் பொறுப்பு, தள்ளுபடி போட்டால் யார் பங்கிலிருந்து குறையும், எத்தனை நாளில் விற்காததைத் திருப்பித் தருவார்கள். நான் 90 நாள் என்று எழுதுகிறேன். வாய்ப்பேச்சில் கொடுத்த 24 துண்டுகளில் 9-ஐ நான் மறுபடி பார்க்கவேயில்லை. "எண்ணிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார்கள். எண்ணிக் கொடுத்தேன், எழுதி வாங்கவில்லை.

கண்காட்சிக்கு விண்ணப்பம் பல மாதம் முன்பே முடிந்துவிடும். இடத்துக்குப் பணம் கட்டுமுன், அதை ஈடுகட்ட எத்தனை துண்டு விற்க வேண்டும் என்று வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கை மேசையில் அடுக்கவே முடியாத அளவு என்றால் போகாதீர்கள்.

10. கட்டி அனுப்புவது

உள்நாட்டுக்குள் பெரிய சிக்கல் இல்லை. பழைய அட்டைப் பெட்டி, காகித நார், காகித ஒட்டுநாடா. விலாசம் எழுதும் முன் ஒரு பொட்டலத்தை நீங்களே இடுப்பு உயரத்திலிருந்து நாலு தடவை கீழே போட்டுப் பாருங்கள்.

வெளிநாடு என்றால் சுங்கப் படிவம். அஞ்சலில் போகும் சிறு மதிப்புப் பொட்டலத்துக்கு சி.என். 22, மதிப்பு கூடினால் சி.என். 23. 'அணிகலன்' என்று மொட்டையாக எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள். 'சிரட்டைத் தோடு, 1 ஜோடி, டைட்டேனியக் கொக்கி' என்று அந்த நாட்டுக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணான எச்.எஸ். குறியீட்டில் முதல் ஆறு இலக்கம் உலகெங்கும் ஒன்றே. சிரட்டை, மரம், சாதாரண உலோகத்தில் செய்த நகை 7117-இல் வரும், வெள்ளியில் செய்தது 7113, பைகள் 4202, சீப்பும் கொண்டை ஊசியும் 9615. வாங்குபவர் "பரிசு என்று போடுங்கள், வரி குறையும்" என்பார். போடாதீர்கள். பொய்க் கையெழுத்து உங்களுடையது.

விதை, உமி, காய்ந்த பூ, பட்டை இருக்கும் எதையும் ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்பும் முன் அந்நாட்டு உயிரிப் பாதுகாப்பு விதிகளைப் பாருங்கள். பிடித்தால் அழிப்பார்கள், பணத்தை நீங்கள்தான் திருப்பித் தர வேண்டும். நான் விதை மணியை உள்நாட்டுக்கு மட்டும் என்று வைத்துவிட்டேன்.

வாரக் கணக்கு இப்படி வரும். முதல் இரண்டு வாரம் பொருளும் நோட்டும் சோதனையும். 3-இலிருந்து 8 வரை பதிவு வேலை ஒரு பக்கம் நகரட்டும், இன்னொரு பக்கம் மூன்று வடிவங்களைச் செய்து, போட்டுப் பார்த்து, நேரம் குறியுங்கள். 9-ஆம் வாரம் விலை. 10-இல் படமும் விவரமும். 11-இல் தெரிந்தவர் ஐந்து பேருக்கு முழு விலைக்கு விற்று, கட்டி, அஞ்சலில் அனுப்புங்கள், பக்கத்து வீடாக இருந்தாலும் சரி. பொட்டலம் எந்த நிலையில் வந்தது என்று படம் கேளுங்கள். 12-ஆம் வாரம் கடையைத் திறங்கள். கையிருப்பில் ஒவ்வொரு வடிவத்திலும் குறைந்தது பத்து இருக்கட்டும், கூடவே பழுது பார்க்க ஒரு டப்பா நிறைய உபரிக் கொக்கியும்.